கடற்கரை நகராது, விமானம் நகரும்: இலங்கைச் சுற்றுலா ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

2018ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 லட்சத்து 33 ஆயிரம் பேர். சுற்றுலா வருமானம் சுமார் 438 கோடி டாலர். 2024இல் வந்தவர்கள் 20 லட்சத்து 53 ஆயிரம் பேர், வருமானம் சுமார் 317 கோடி டாலர். அதாவது ஆட்களில் 88 சதவீதம் திரும்பிவிட்டார்கள், பணத்தில் 72 சதவீதம்தான் திரும்பியிருக்கிறது. செய்தியில் இந்த இரண்டு எண்களையும் பார்ப்பவர்களுக்கு இயல்பாக வரும் கேள்வி: மீதிப் பணம் எங்கே போனது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றுலா வருமானத்தை யாரும் கல்லாப்பெட்டியில் எண்ணிப் பார்ப்பதில்லை. வந்த ஆட்களின் எண்ணிக்கை, ஒருவர் சராசரியாகத் தங்கிய இரவுகள், ஒரு நாளைக்கு அவர் செலவழித்த தொகை ஆகிய மூன்றையும் பெருக்கி வருவதுதான் அந்தத் தொகை. முதல் எண் குடிவரவுப் பதிவிலிருந்து வருகிறது. மற்ற இரண்டும் பயணிகளிடம் நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருகின்றன. 2018இல் சராசரித் தங்கல் 10.8 இரவு, நாளொன்றுக்குச் செலவு ஏறத்தாழ 174 டாலர். 2024இல் தங்கல் சுமார் எட்டரை இரவு, செலவு 180 டாலரை ஒட்டி. நாள் செலவு பெரிதாக மாறவில்லை. ஆறு வருட விலைவாசி உயர்வைக் கழித்தால் குறைந்தே இருக்கிறது. பெரிய ஓட்டை இரவுகளில்தான்.

கணக்கெடுக்கும் முறையால் வந்த வேறுபாடும் இதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் யார் வருகிறார்கள் என்பதும் மாறியிருக்கிறது. இந்தியர்கள் 2018இல் 4 லட்சத்து 25 ஆயிரம், 2024இல் 4 லட்சத்து 17 ஆயிரம்: ஏறக்குறைய அதே அளவு. நீண்ட நாள் தங்கும் பழக்கமுள்ள பிரித்தானியர்கள் 2 லட்சத்து 54 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 78 ஆயிரமாகக் குறைந்தார்கள். சீனர்கள் பாதியானார்கள். 2018இல் முதல் ஐந்து இடங்களில் இல்லாத ரஷ்யா இரண்டாம் இடத்துக்கு வந்தது.

இப்படி ஆள் மாறுவதைக் கடலும் மலையும் தீர்மானிப்பதில்லை, அவை அங்கேயேதான் இருக்கின்றன. எந்த நாட்டிலிருந்து, எந்த மாதத்தில், எத்தனை இரவுக்கு ஆள் வரவேண்டும் என்பதில் பெரும்பங்கு வேறிடத்தில் முடிவாகிறது. அதைப் புரிந்துகொள்ள இந்தத் தொழிலின் சில சொற்கள் வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. பயண முகவர், அதாவது டிராவல் ஏஜென்ட். டிக்கெட்டையும் பயணப் பொதியையும் (பேக்கேஜ் டூர்) விற்றுக் கமிஷன் வாங்குபவர். அறை காலியாகக் கிடந்தால் இவருக்கு நட்டமில்லை.

2. டூர் ஆப்பரேட்டர். விமான இருக்கைகளையும் ஹோட்டல் அறைகளையும் மொத்த விலையில் முன்கூட்டியே பேசிவைத்து, ஒன்றாகக் கட்டி, தன் பெயரில் ஒரே விலைக்கு விற்பவர். ஐரோப்பாவில் இவர்கள்தான் பெரிய ஆட்கள்.

3. உள்ளூர் ஏற்பாட்டு நிறுவனம். தொழிலில் இருப்பவர்கள் 'டிஎம்சி' என்பார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெயர்ப்பலகை பிடித்து நிற்பது முதல் வண்டி, வழிகாட்டி, அறை, நுழைவுச்சீட்டு எல்லாம் இவர்கள் பொறுப்பு. வெளிநாட்டு ஆப்பரேட்டரின் உள்ளூர்க் கை.

4. சார்ட்டர் விமானம். அட்டவணைப்படி பறக்கும் விமானத்தில் சில இருக்கைகளை வாங்காமல், முழு விமானத்தையும் ஒரு பருவத்துக்கு வாடகைக்குப் பிடிப்பது. வாரத்துக்கு ஒரு முறை வந்துபோகும் சார்ட்டரில் வந்தவர் ஏழு அல்லது பதினான்கு இரவுதான் தங்க முடியும். 'இரண்டு வார விடுமுறை' என்ற வழக்கத்துக்குப் பின்னால் இந்த விமானச் சுழற்சியும் இருக்கிறது.

5. அலாட்மென்ட். ஹோட்டலில் இத்தனை அறைகளை இத்தனை மாதத்துக்கு ஓர் ஆப்பரேட்டருக்கென ஒதுக்கிவைப்பது.

6. ரிலீஸ். ஒதுக்கிய அறை விற்கவில்லை என்றால், ஆப்பரேட்டர் அதை அபராதமில்லாமல் ஹோட்டலிடம் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடைசி நாள். இந்தக் கட்டுரையில் முக்கியமான சொல் இதுதான்.

ஓர் அறையின் கணக்கு

தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டையில் நூறு அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலை எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

வரும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையிலான பருவத்துக்கான ஒப்பந்தம் ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே பேசப்படும். ஓர் ஐரோப்பிய ஆப்பரேட்டர் 40 அறைகளைக் கேட்கிறார். நேரில் வந்து கேட்பவருக்கு 100 டாலர் சொல்லும் அறை, இவருக்குக் காலையும் இரவும் சாப்பாட்டுடன் 60 டாலர். ரிலீஸ் பதினான்கு நாள். ஹோட்டல்காரர் சம்மதிக்கிறார். வங்கிக் கடன் மாதாமாதம் கட்ட வேண்டும், நாற்பது அறைக்கு ஆள் வருவது உறுதி என்று ஒரு தாள் கையில் இருப்பது நல்லதுதானே.

ஆனால் அந்தத் தாளை மறுபடி படித்துப் பாருங்கள். ஜனவரி 20ஆம் தேதிக்கான 40 அறைகளில் 15தான் விற்றிருக்கிறது என்றால், ஜனவரி 6ஆம் தேதி ஆப்பரேட்டர் 25 அறைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. ஹோட்டல் இதற்காக வேறு ஆட்களை மறுத்திருக்கும், இப்போது இரண்டே வாரத்தில் 25 அறைக்கு ஆள் பிடிக்க வேண்டும். சமையலாளுக்கும் அறை துடைப்பவருக்கும் சம்பளம் நிற்காது. விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் தருகிறேன் என்னும் ஒப்பந்தங்களும் உண்டு. அவை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை இன்னும் கீழே போகும்.

அப்புறம், பணம் எப்போது வரும்? பயணி முழுத் தொகையையும் புறப்படுவதற்கு முன்பே ஆப்பரேட்டரிடம் கட்டிவிடுவார். ஹோட்டலுக்கு வருவது அவர் தங்கிப் போய் ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் ஹோட்டல்தான் ஆப்பரேட்டருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது 2019 செப்டம்பர் 23 அன்று தெரிந்தது. 1841இல் இங்கிலாந்தில் ஒரு ரயில் பயணத்தில் தொடங்கிய தாமஸ் குக் நிறுவனம் 178 வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குக் கவிழ்ந்தது. பிரித்தானியாவைச் சேர்ந்த ஒன்றரை லட்சம் பேரை அந்த நாட்டு அரசு விமானம் பிடித்து ஊருக்குக் கொண்டுபோனது. பயணிகளுக்குக் காப்புறுதி இருந்தது. கிரீஸிலும் ஸ்பெயினிலும் துருக்கியிலும் அந்தக் கோடை முழுவதும் அவர்களுக்குச் சோறு போட்ட ஹோட்டல்களுக்கு அது இல்லை. பில்கள் அப்படியே நின்றன.

தென்மேற்குக் கரை எப்படி 'இலங்கை' ஆனது?

இலங்கைச் சுற்றுலாச் சபை 1966இல் அமைக்கப்பட்டது. அந்த வருடம் வந்த பயணிகள் 19 ஆயிரத்துக்கும் குறைவு. பெந்தோட்டையைத் திட்டமிட்ட உல்லாசப் பயண நகராக்கும் வேலை அப்போதுதான் தொடங்கியது. ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டல் 1969இல் வந்தது. 1982ஆம் ஆண்டு பயணிகள் 4 லட்சத்து 7 ஆயிரத்தைத் தொட்டார்கள்.

ஏன் தென்மேற்கு? தலைநகரும் விமான நிலையமும் அந்தப் பக்கம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மழையும் விமானமும் சேர்ந்த கணக்கு. பலருக்கும் தெரியாதது இதுதான்.

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் கடலைக் கொந்தளிக்க வைக்கும். அப்போது திருகோணமலையும் மட்டக்களப்பும் வெயிலில் காயும், கடல் குளம் போலக் கிடக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் இது தலைகீழாகும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தென்மேற்குக் கரைதான் அழகு.

இப்போது ஐரோப்பாவிலிருந்து பாருங்கள். கோடையில் அங்குள்ள சார்ட்டர் விமானங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. மயோர்க்கா, கிரீட், அந்தாலியா என்று நாளுக்கு இரண்டு நடை. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் குளிர்ந்துவிடும், விமானங்கள் சும்மா நிற்கும். நிற்கும் விமானத்துக்கும் குத்தகைப் பணம் கட்டித்தான் ஆகவேண்டும். அதனால் அவற்றை வெயிலடிக்கும் தூர தேசத்துக்குத் திருப்பினார்கள். கோவாவும் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவும் இலங்கையும் குளிர்காலத் தலங்களாக வளர்ந்ததில் இந்தச் சும்மா நின்ற விமானங்களுக்குப் பெரிய பங்குண்டு.

கிழக்குக் கரைக்கு விழுந்த அடி இதுதான். நிலாவெளிக் கடல் மிக நன்றாக இருக்கும் ஜூலையில், ஜெர்மன் குடும்பத்துக்கு ஸ்பெயின் இரண்டரை மணி நேரத்தில், பாதி விலையில் கிடைக்கிறது. அதே குடும்பம் குளிருக்குத் தப்பி ஓடத் தயாராக இருக்கும் ஜனவரியில், நிலாவெளியில் மழை. கடலின் தரத்தில் எந்தக் குறையும் இல்லை, நாட்காட்டிதான் ஒத்துவரவில்லை. போர் வருவதற்கு முன்பே இருந்த சிக்கல் இது.

அதன்மேல் போரும் வந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு பயணிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்து, 1987இல் 1 லட்சத்து 83 ஆயிரத்துக்கு வந்தது. கிழக்கு ஆப்பரேட்டர்களின் வரைபடத்திலிருந்தே போய்விட்டது. மிச்சமிருந்தவர்கள் தென்மேற்கில் ஒதுங்கினார்கள். 'இலங்கை என்றால் பெந்தோட்டையும் கண்டியும் சிகிரியாவும்' என்று ஒரு தலைமுறை ஐரோப்பியர் மனத்தில் பதிந்தது இப்படித்தான்.

பாசிக்குடா: கட்டிடம் வந்தது, பருவம் வரவில்லை

மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்குடாவை அடுத்திருக்கும் பாசிக்குடாவில் எழுபதுகளில் ஹோட்டல்கள் இருந்தன. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர், அலையில்லாத வளைகுடா. போர் அவற்றை இடிபாடாக்கியது. 2004 டிசம்பர் 26இன் சுனாமி மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது. போர் முடிந்தபின் அரசு அந்தக் கரையைச் சுற்றுலா வலயமாக்கி, நிலத்தைத் துண்டுகளாக்கி முதலீட்டாளர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 2011 முதல் ஒன்றன்பின் ஒன்றாக உயர்தர ஹோட்டல்கள் திறந்தன. பெரும்பாலும் கொழும்புக் கம்பனிகளுடையவை.

எல்லாம் சரி, ஆனால் அந்த அறைகளுக்கு நவம்பர், டிசம்பர், ஜனவரியில் ஆள் எங்கிருந்து வருவது? தென்னிலங்கை ஹோட்டல் தன் முழு வருடச் செலவையும் மீட்கும் அதே மாதங்களில் பாசிக்குடாவில் மழை கொட்டும். அதனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிடைப்பதை வைத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டும். அதிலும் சனி, ஞாயிறு, நீண்ட விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்து வரும் உள்நாட்டுக் குடும்பங்கள்தான் பல ஹோட்டல்களைத் தாங்குகின்றன. பருவம் முடிந்ததும் வேலையாட்களைக் குறைப்பார்கள். வேலையில் ஊர்க்காரர்களுக்குப் போதிய பங்கில்லை, தோணி இழுத்துவைத்த கரை கைவிட்டுப் போனது என்ற மீனவர்களின் முறைப்பாடு இந்தப் பின்னணியில்தான் கனம் பெறுகிறது. வருடம் முழுவதும் வருமானம் தந்த கரையை, அரை வருடம் வருமானம் தரும் ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

என் பார்வையில் பாசிக்குடாவில் நடந்த தவறு கட்டியது அல்ல. பெந்தோட்டையின் அச்சை எடுத்துக் கிழக்கில் பதித்ததுதான் தவறு. அதே கரையில் இன்னும் தெற்கே, பொத்துவிலுக்குப் பக்கத்தில் அறுகம்பை அந்த அச்சில்லாமலே வளர்ந்தது. அலைச்சறுக்கு வீரர்களுக்குத் தேவை பெரிய அலை. அது மே முதல் அக்டோபர் வரை அங்கே தானாக வருகிறது. எழுபதுகளிலிருந்தே அவர்கள் ஆப்பரேட்டர் இல்லாமல், பஸ் பிடித்து, ஓலைக் குடிலில் தங்கினார்கள். ஹோட்டல்கள் பிறகுதான் வந்தன.

ஒரே சாலை, இரண்டு சுற்றுலா

கண்டியிலிருந்து நுவரெலியா ஏறும் சாலையில் ரம்பொடை என்றொரு இடம். ஒரு பக்கம் அருவி, மலை முழுவதும் தேயிலை. அங்கே காலையில் வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் போதும், ஆப்பரேட்டர் என்ன செய்கிறார் என்பது விளங்கிவிடும்.

ஐரோப்பியக் குழுவின் வண்டி தேயிலைத் தொழிற்சாலையில் நிற்கும். ஒரு கோப்பை தேநீர், கொஞ்சம் தேயிலை வாங்கல், அப்புறம் நுவரெலியாவில் பழைய ஆங்கிலேயர் கட்டிய ஹோட்டல், மறுநாள் ரயிலில் 'எல்ல' என்ற மலையூர். சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வந்த குழுவின் வண்டி சின்மயா மிஷனின் அனுமார் கோயிலில் நிற்கும். பிறகு சீதா எலியவில் சீதை அம்மன் கோயில், மதியம் சைவச் சாப்பாடு கிடைக்கும் கடை. ராமாயணத் தலங்களை இணைத்து ஒரு பயணத் தடமாக விற்கத் தொடங்கியது இந்தியச் சந்தையை மனத்தில் வைத்துத்தான். மலை ஒன்று, சாலை ஒன்று. பயணத் திட்டத் தாளில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் கடை வைக்கிறார்கள், நிலத்தின் விலை ஏறுகிறது.

இரவுகளும் இங்கே பிரிகின்றன. ஐரோப்பியத் திட்டம் வழக்கமாக ஒரு வாரம் நாடு சுற்றுவது, மீதி நாள் கடற்கரையில் படுத்திருப்பது. இந்தியத் திட்டம் கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை என்று நான்கைந்து இரவில் முடியும். கடற்கரையில் ஐந்து நாள் சும்மா கிடப்பதற்கு அதில் இடமே வைப்பதில்லை. சார்க் நாட்டவர்க்குச் சிகிரியா நுழைவுக் கட்டணம் குறைவு என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு லட்சம் தலைகள் ஏன் எப்போதும் ஒரே தொகையாக மாறுவதில்லை என்பது தெரியும்.

வழியில் இன்னொரு நிறுத்தம் இருக்கிறது, அது எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது. மாவனல்லைப் பக்கமோ மாத்தளைப் பக்கமோ சாலையோரத்தில் 'மூலிகைத் தோட்டம்' என்று பலகை. வண்டி தானாகத் திரும்பும். வெள்ளைச் சட்டை போட்டவர் கறுவாப்பட்டையை உரித்துக் காட்டுவார், கையில் எண்ணெய் தடவுவார், கடைசியில் கடை. பயணி வாங்குவதில் ஒரு பங்கு சாரதிக்கு. இதைச் சாரதியின் பேராசை என்று எழுதுவது எளிது. ஆப்பரேட்டர் விலையைப் பிழிய, டிஎம்சி வண்டி வாடகையைப் பிழிய, சாரதியின் நாட்கூலி கமிஷன் இல்லாமல் நிற்காது என்ற அளவுக்கு வந்திருக்கிறது. மலிவான பொதியின் மீதி விலையைப் பயணி இந்தத் தோட்டத்தில் கட்டுகிறார்.

ஓர் அதிர்ச்சிக்குப் பின் என்ன நடக்கிறது?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் கொழும்பின் நட்சத்திர ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதம், மே 2019இல், நாட்டுக்கு வந்த பயணிகள் 37,802 பேர். முந்தைய மே மாதம் 1,29,466. பயந்துபோய் வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இதில் ஒரு இயந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு பல்லாக அது இப்படிச் சுழலும்:

1. வெளிநாட்டு அரசு பயண எச்சரிக்கை விடுக்கிறது. பிரித்தானியா 'அத்தியாவசியம் இல்லையென்றால் போகவேண்டாம்' என்ற நிலைக்குச் சில நாட்களில் போனது.

2. அந்த எச்சரிக்கையை மீறிப் போனால் பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் செல்லாது.

3. ஐரோப்பியச் சட்டப்படி, 1990ஆம் ஆண்டு விதிமுறைகள் தொடங்கி, பொதியை விற்றவர்தான் பயணிக்குப் பொறுப்பு. திருப்பி அழைத்து வரவேண்டியதும் அவரே. ஆகவே எச்சரிக்கை இருக்கும் நாட்டுக்கு ஆப்பரேட்டர் ஆள் அனுப்ப மாட்டார்.

4. ஆப்பரேட்டரிடம் வாடிக்கையாளர் இருக்கிறார், விமானமும் இருக்கிறது. 'இலங்கைக்குப் பதில் பாலி, மாலைத்தீவு, கென்யா' என்று மாற்றிக் கொடுப்பார். அவர் வியாபாரம் நிற்காது.

5. ஒதுக்கிய அறைகள் ரிலீஸ் ஆகின்றன. ஹோட்டல், சாரதி, மீன்காரர், சலவைக்காரர் வரை அடி கீழே இறங்குகிறது.

நான்காவது பல் இருப்பதால்தான் எச்சரிக்கை எத்தனை நாள் நீடிக்கிறது என்பது குண்டின் அளவைவிட முக்கியமாகிவிடுகிறது. துனிசியாவின் சூஸ் கடற்கரையில் 2015 ஜூன் 26 அன்று ஒருவன் சுட்டதில் 38 பேர் இறந்தார்கள், அதில் 30 பேர் பிரித்தானியர். பிரித்தானிய எச்சரிக்கை விலகியது 2017 ஜூலையில்தான். இரண்டு குளிர்காலம், இரண்டு கோடை. அதற்குள் விமானங்கள் வேறு பாதைக்குப் பழகிவிட்டன. இலங்கைக்கு அதே எச்சரிக்கை 2019 ஜூன் தொடக்கத்திலேயே தளர்ந்தது, ஆறு வாரம். வரப்போகும் குளிர்காலத்துக்கான விற்பனை தொடங்கும் காலத்துக்குள் வழி திறந்துவிட்டது. அந்த டிசம்பரில் வந்தவர்கள் 2 லட்சத்து 41 ஆயிரம்; முந்தைய டிசம்பரில் 2 லட்சத்து 53 ஆயிரம். மீண்டுவிட்டது என்றே சொல்லவேண்டும். மூன்றே மாதத்தில் கொரோனா வந்தது வேறு கதை.

ஒரே கூடையில்

2020 மார்ச்சில் மூடிய நாடு, அந்த டிசம்பர் 28 அன்று உக்ரைனிலிருந்து வந்த ஒரு சார்ட்டர் விமானத்துக்கு முதலில் கதவைத் திறந்தது. விமானம் இறங்கியது தெற்கிலுள்ள மத்தளை விமான நிலையத்தில். மற்ற ஐரோப்பிய நாடுகள் இன்னும் அஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் ஆள் அனுப்பத் தயாராயிருந்த ஆப்பரேட்டர்கள் எங்கே இருந்தார்களோ, அங்கிருந்து ஆள் வந்தது. ரஷ்யாவும் அப்படியே. 2022 தொடக்கத்தில் தென் கரையில் ரஷ்ய மொழிப் பெயர்ப்பலகைகள் முளைத்திருந்தன.

பிப்ரவரி 24 அன்று போர். இரண்டு பெரிய சந்தைகளும் ஒன்றோடொன்று போர் புரியும் நிலை. மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. இங்கே விடுமுறையில் இருந்தவர்களின் அட்டைகள் வேலை செய்யவில்லை. ஜூன் 2ஆம் தேதி, குத்தகைத் தகராறு ஒன்றில் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தின் உத்தரவால் ஏரோஃபுளோட் விமானம் ஒன்று கட்டுநாயக்கவில் நிறுத்திவைக்கப்பட்டது. உத்தரவு சில நாட்களில் விலக்கப்பட்டது. ஆனால் அந்த நிறுவனம் தன் சேவையையே நிறுத்தி அக்டோபரில்தான் திரும்பி வந்தது. பெட்ரோலுக்கு வரிசை நின்ற, டாலருக்கு நாடே ஏங்கிய அந்த நான்கு மாதம் ஒரு விமான நிறுவனத்தின் கோபத்தால் ஒரு சந்தை அடைந்து கிடந்தது.

ஆன்லைன் தளங்கள் வந்த பிறகு

ஆப்பரேட்டரின் பிடி முன்புபோல் இல்லை என்பதும் உண்மை. போனில் அறை பிடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். வளைகுடா வழியாகத் தினமும் விமானம் இருப்பதால் பதினான்கு இரவு கட்டாயமில்லை. இலங்கையில் ஐந்து இரவு, மாலைத்தீவில் நான்கு என்று வெட்டிக்கொள்ளலாம். இரவுகள் குறைவதில் இந்தச் சுதந்திரத்துக்கும் பங்கிருக்கிறது என்பது என் கணிப்பு.

எல்ல இதன் பிள்ளை. 1921இல் கட்டி முடித்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் நீல ரயில் போகும் ஒரே படம் அந்தச் சிற்றூரை உலக வரைபடத்தில் ஏற்றியது. எந்த ஆப்பரேட்டரும் அலாட்மென்ட் எடுக்காத வீடுகளில் மாடி கட்டி இரண்டறை, மூன்றறை விட்டார்கள். அறுபது டாலர் ஒப்பந்தம் இல்லை. விலை வீட்டுக்காரர் கையில்.

ஆனால் ரிலீஸ் என்ற சொல்லை இங்கே மறுபடி வைத்துப் பாருங்கள். தளங்கள் பொதுவாக 15 சதவீதம் அளவில் கமிஷன் எடுத்துக்கொள்கின்றன. 'இலவச ரத்து' வைத்தால்தான் அறை மேலே தெரியும் என்பதால் பலரும் வைக்கிறார்கள். அதன் பொருள், பயணி முந்தின நாள் வரைக்கும் அறையைத் திருப்பிக் கொடுக்கலாம். பெந்தோட்டை ஹோட்டலுக்குப் பதினான்கு நாள் அவகாசம் இருந்தது. எல்லயில் மாடி கட்டியவருக்கு ஒரு நாள். இழப்பைத் தாங்கும் தோள் இன்னும் சின்னதாகியிருக்கிறது.

ஆப்பரேட்டர் இல்லாவிட்டாலும் எச்சரிக்கையின் பல் சுழலும் என்பதற்கு அறுகம்பையே சாட்சி. 2024 அக்டோபர் 23 அன்று அமெரிக்கத் தூதரகம் அந்தப் பகுதியைத் தவிர்க்கச் சொன்னது. இஸ்ரேல் தன் குடிமக்களை உடனே வெளியேறச் சொன்னது. இஸ்ரேலிய இளைஞர்களை நம்பிக் கடை போட்டவர்களுக்குப் பருவத்தின் வால்பகுதி அப்படியே போனது.

யாழ்ப்பாணம் எந்தப் பட்டியலில்?

வடக்கில் பயணிகள் கூடியிருக்கிறார்கள் என்று செய்தி வரும்போது இரண்டு கூட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ் கடவுச்சீட்டில் வரும் புலம்பெயர்ந்த தமிழர்கள் குடிவரவுக் கணக்கில் வெளிநாட்டுப் பயணிகளே. நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று வாரம் நிற்பார்கள், ஆனால் மாமா வீட்டில், சித்தி வீட்டில். அவர்கள் செலவு ஹோட்டல் கணக்கில் வராது. மண்டபத்திலும் புடவைக் கடையிலும் வீட்டுத் திருத்த வேலையிலும் இறங்கும். ஆப்பரேட்டருக்கு இவர்களால் ஒரு பயனுமில்லை, இவர்களுக்கும் அவரால் இல்லை.

இரண்டாவது கூட்டம் தமிழ்நாட்டிலிருந்து வருவது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டது. கடல்வழி ஏறக்குறைய நூற்றுப்பத்து கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்தை ஒரு பொதியாகக் கட்டி விற்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று பலர் எழுதினார்கள். ஆறு நாளில் கப்பல் நின்றது: வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. அடுத்த ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது, அதுவும் மழைக்காலத்தில் மறுபடி நின்றது. தீபாவளியும் பொங்கலும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வெளியூர் போகும் விடுமுறைகள். அந்த இரண்டு மாதத்துக்கும் ஓடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத கப்பலை வைத்து எந்த டூர் ஆப்பரேட்டரும் விலைப்பட்டியல் அச்சடிக்க மாட்டார்.